ஒன்பதாம் மாதப் பீஸ்

அந்தப் பட்டறையில் அவளுக்குப் பேர் புதுசு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு யாரோ "புதுசு, அந்த டப்பாவை எடு" என்றார்கள். அவளுக்குப் பின்னால் எத்தனையோ பேர் வந்து சேர்ந்தாயிற்று, தாக்குப்பிடிக்காமல் ஓடியும் போயாயிற்று. பேர் மட்டும் அவளை விட்டு நகரவில்லை. கல்யாணம் ஆகி, ஒரு பிள்ளை வயிற்றோடு கரைந்து, அடுத்த பிள்ளை தங்கி நிற்கிற இந்தக் காலத்திலும் அவள் புதுசுதான்.

பட்டறையில் செய்தது கருப்பை. பள்ளிக்கூடங்களுக்கும் நர்ஸ் படிக்கிற காலேஜுகளுக்கும் போகிற ஃபைபர் கருப்பை. குறுக்கே வெட்டின பழம் மாதிரி பாதி, அதன் குழிக்குள் ஒரு பிள்ளை, மேலே கண்ணாடி போல ஒரு மூடி. மாதத்துக்கு ஒன்றாக ஒன்பது பீஸ் சேர்ந்தால் ஒரு செட். அச்சுக்காரர் வார்த்துக் கொடுப்பார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வந்ததும் புதுசும் பக்கத்து ஸ்டூல்காரியும் பெயிண்ட் அடிப்பார்கள். பக்கத்து ஸ்டூல்காரிக்கு ரேடியோ என்று பேர். காரணம் சொல்லத் தேவையில்லை. நிறுத்துகிற திருகு மட்டும் அந்த ரேடியோவில் கிடையாது.

பிள்ளை எப்படி வளர்கிறது என்பதைப் புதுசு பிரஷ்ஷால்தான் படித்தாள். முதல் மாதப் பீஸில் பிள்ளை என்று பெரிதாக ஒன்றும் இருக்காது, சுவரில் ஒரு மிளகு ஒட்டின மாதிரி. அதற்கு ஒரு சொட்டு ரோஸ் போதும். இரண்டாவதில் தலையே பாதி உடம்பு. கையும் காலும் நாலு மொட்டு, கண் வர வேண்டிய இடத்தில் கருப்பாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண் மூக்குக்கு வந்துவிடும். மூன்றாவதில் விரல் பிரியும். நாலாவதில் முகம் மனுஷ முகமாகிக் கட்டை விரல் வாய்க்குள் போயிருக்கும். ஐந்தாவதுக்கு உடம்பெல்லாம் பூனைமுடி. பிரஷ்ஷைப் பாதி காயவிட்டுத் தடவினால்தான் அது வரும். ஆறாவது கிழவன் மாதிரி சுருங்கிச் சிவந்து, இமை ஒட்டிக் கிடக்கும். ஏழாவதில் இமை திறக்கும். எட்டாவதில் கன்னத்திலும் தொடையிலும் சதை பிடிக்கும். ஒன்பதாவதில் பிள்ளை தலைகீழாகத் திரும்பி, முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து, இண்டு இடுக்கு இல்லாமல் கருப்பைச் சுவரோடு சுவராக அடைந்து கிடக்கும்.

பெயிண்ட் காய்ந்த பீஸ் எல்லாம் கடைசியில் அண்ணியின் மேஜைக்குப் போகும். அண்ணி என்றால் புதுசின் புருஷனுக்கு அக்கா. பட்டறையில் செக்கிங் அவள் கையில். வேலைக்கு வந்த பெண்களில் யாருக்குக் கை நடுங்கவில்லை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, தன் தம்பிக்குப் புதுசைப் பிடித்துக் கட்டிவைத்ததும் அவள்தான். "அம்மா இல்லாதவ. சொன்னதைக் கேப்பா" என்று தம்பியிடம் சொன்னாளாம். தம்பி அந்தப் பட்டறையிலேயே வேன் ஓட்டுகிறான். அவனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தது அக்கா. அவள் நில் என்றால் வேனும் நிற்கும்.

அண்ணியின் செக்கிங் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பீஸை இரண்டு கையாலும் தூக்கிக் காதோரம் வைத்து ஓர் ஆட்டு. உள்ளே பிள்ளை லொடலொட என்றால் ரிஜெக்ட், பசை பத்தவில்லை என்று திரும்பி வரும். சத்தமே இல்லையென்றால் "பாஸ்" என்பாள், அடியில் ஒரு பச்சை ஸ்டிக்கர் விழும்.

போன தடவை புதுசுக்கு விரல் பிரிகிற மாதத்தில் கலைந்துபோனது. திரும்பி வேலைக்கு வந்தவள் மூன்றாம் மாதப் பீஸைத் தொட மாட்டேன் என்று ஒதுக்கி வைத்தாள். அந்த வாரம் முழுக்க அண்ணி மூன்றாம் மாதப் பீஸாகவே அவள் மேஜையில் கொண்டுவந்து அடுக்கினாள்.

"பழகிடும்" என்றாள்.

பழகவும் செய்தது. அதுதான் கொடுமை.

இந்தத் தடவை தங்கிவிட்டது. விரல் பிரிகிற மாதத்தைத் தாண்டினதும் புதுசுக்கு மூச்சு வந்தது. கையில் இருக்கிற பீஸையும் தன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வாள். இப்ப உனக்கு முடி முளைக்குது, இப்ப நீ கண்ணைத் திறந்துட்ட என்று வாய்க்குள்ளேயே பேசுவாள். பெயிண்ட் கரைக்கிற தின்னர் டப்பாவைத் திறந்தால் போதும், அந்த நெடிக்கு உள்ளே ஒரு உதை விழும். "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று டப்பாவை மூடுவாள். ரேடியோ இதைப் பார்த்துவிட்டு, "வயித்துல இருக்கறது மேனேஜரா? இப்பவே மிரட்டுது" என்றாள்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் வயிறு இழுத்துப் பிடித்தது. புதுசு அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். புருஷன் லோடை பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்தான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் வாயு என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார். லோடு தாமதமானதுக்கு முதலாளி அண்ணியைத்தான் பிடித்துக் கத்தினார். அன்றிலிருந்து பட்டறையில் அவளுக்கு இன்னொரு பேரும் சேர்ந்தது. காத்துக்கு ஆஸ்பத்திரி போனவள். யாராவது ஏப்பம் விட்டால்கூட, "ஏய் புதுசு, வேனைக் கூப்பிடு" என்பார்கள்.

ஒன்பதாம் மாதம் நடக்கும்போது ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எந்த நேரமும் ஷெட்டில் கருப்பைதான், நடக்க வழி இல்லை. இது நேரத்துக்குப் போனால் புதிதாகக் கட்டுகிற ஷெட் முழுக்க உன் பொறுப்பு என்று முதலாளி அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணி தூங்கினாளோ இல்லையோ, மற்றவர்களைத் தூங்கவிடவில்லை.

"இது போற வரைக்கும் நீ பெத்துக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள் புதுசிடம்.

"அது என் கையிலயா அண்ணி இருக்கு?"

"பிரஷ் உன் கையில இருக்கில்ல, அதைப் பாரு."

அந்த வாரத்தில் ஒரு காலை புதுசு தின்னர் டப்பாவைத் திறந்தாள். உள்ளே உதை விழவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். இல்லை. தூங்குகிறது போல என்று வேலையைப் பார்த்தாள். மத்தியானம் சாப்பிட்டால் எப்போதும் ஒரு கும்மாளம் போடும். சாப்பிட்டுவிட்டுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கை சும்மா கிடந்தது.

ஆஸ்பத்திரி என்று வாயைத் திறக்கவே அவளுக்குக் கூசியது. இருந்தும் அண்ணியின் மேஜைக்குப் போனாள்.

"அண்ணி, புள்ள அசையல."

அண்ணி கையிலிருந்த பீஸை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "எப்ப இருந்து?"

"காலையில இருந்து."

"மறுபடியும் காத்தா?"

ரேடியோதான் முதலில் சிரித்தாள். அப்புறம் தேய்க்கிறவர்கள், பார்சல் கட்டுகிறவர்கள் எல்லாரும். அண்ணிக்குச் சிரிப்பு கிடைத்தால் விடமாட்டாள். எழுந்து வந்து புதுசின் வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்து, காதை வைத்து, பீஸை ஆட்டுகிற மாதிரி மெல்ல ஆட்டினாள். கொஞ்ச நேரம் கேட்டாள். நிமிர்ந்து, "சத்தமில்ல. பாஸ்" என்றாள். ஒரு பச்சை ஸ்டிக்கரைக் கிழித்து வயிற்று மேல் ஒட்டினாள்.

ஷெட்டே குலுங்கியது. புதுசும் சிரித்தாள். சிரிக்காமல் நின்றால் அதுக்கும் ஒரு பேர் வைத்துவிடுவார்கள்.

சிரிப்பு அடங்கினதும் அண்ணி ஒன்பதாம் மாதப் பீஸ் ஒன்றை எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நீதானே பெயிண்ட் அடிக்கிற? இங்க பாரு. ஒரு விரல் நுழையுமா? இடம் எங்கடி இருக்கு அதுக்குத் திரும்ப? கடைசி மாசம் புள்ள அடங்கிடும். மூணு பெத்தவ சொல்றேன்."

புதுசு பார்த்தாள். விரல் நுழையாதுதான். எத்தனை ஒன்பதாம் மாதத்துக்கு அவள் பெயிண்ட் அடித்திருப்பாள், ஒன்றிலாவது பிள்ளைக்கும் சுவருக்கும் நடுவில் பிரஷ் முனை போனதுண்டா? இடமில்லாத இடத்தில் எது அசையும்? அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஸ்டூலில் போய் உட்கார்ந்து பொழுது சாய்கிற வரைக்கும் அடித்தாள்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"அக்காகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். இடம் இல்லாம அடங்கிடும்னாங்க."

"அப்பறம் என்ன? அவங்களுக்குத் தெரியாததா?" என்றவன் அவள் துணியில் ஸ்டிக்கரைப் பார்த்தான். பார்த்து அவனும் சிரித்தான். "அக்கா இருக்காங்களே" என்றான் பெருமையாக.

விடிந்ததும் அவள் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொம்பு குடித்துப் பார்த்தாள். வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். இடது பக்கம் புரண்டு படுத்தாள். உள்ளே எதுவோ பொத்தென்று பக்கம் மாறியது. அசைந்துவிட்டது என்று அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எதற்கும் வலது பக்கம் புரண்டாள். மறுபடி பொத்தென்று பக்கம் மாறியது. புரளாமல் கிடந்தாள். அதுவும் கிடந்தது. அவள் அசைந்தால் அசைந்தது, நின்றால் நின்றது.

இடமே இல்லையென்றால் பக்கம் மாற மட்டும் எப்படி இடம் வந்தது?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டுதான் அவள் அன்று பட்டறைக்குப் போனாள். நேராக அச்சுக்காரரிடம் போனாள். அச்சுக்காரர் நடு வயசு ஆள், வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார்.

"அண்ணே, ஒன்பதாம் மாசத்துல இடமே இல்லாம செஞ்சிருக்கீங்களே, அதை எதைப் பார்த்துச் செஞ்சீங்க?"

"எதைப் பார்த்தா? பார்சலைப் பார்த்துத்தான்" என்றார். "முதல்ல படத்துல இருந்த மாதிரி சுத்தி இடம் விட்டுத்தான் வார்த்தேன், தண்ணிக்குன்னு. வேன்ல போறப்ப புள்ள உருண்டு கழுத்து ஒடிஞ்சு ஒடிஞ்சு திரும்பி வந்துச்சு. உங்க அண்ணிதான் கத்தினாங்க. சரின்னு புள்ளையப் பெருசாக்கிச் சுவரோட சேர்த்துப் பசைய ஊத்திட்டேன். அதுக்கப்பறம் ஒண்ணு ஒடியலயே."

"அப்ப நிஜத்துல?"

"நிஜத்துல எனக்கு என்னம்மா தெரியும்? நான் பெத்தேனா?"

அண்ணியின் மேஜைக்கு எப்படி வந்தாள் என்று புதுசுக்கே தெரியாது. அண்ணி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க புள்ளைங்க கடைசியில அசைஞ்சாங்களா?"

"என்னடி காலங்காத்தால."

"சொல்லுங்க. மூணு பேரும் கடைசி மாசம் அடங்கிட்டாங்களா?"

அண்ணி டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். "பெரியவன் வலி எடுக்கற வரைக்கும் உதைச்சான். அதுக்கு இப்ப என்ன?"

"நேத்து வேற மாதிரி சொன்னீங்க."

"நேத்து ஆர்டர் இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு." லோடு ஏற்றிக்கொண்டிருந்த தம்பி பக்கம் பெட்டியைத் தள்ளினாள். "உன்னை நம்பி ஒரு தடவை லோடை நிறுத்தி முதலாளிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நான். ஆஸ்பத்திரி போகணும்னா போ, யார் வேணாம்னது. காலேஜ்ல லோடை இறக்கிட்டு அவன் அப்படியே கூட்டிட்டுப் போவான். ரெண்டும் ஒரே வழிதான்."

ஒரே வழி என்பது உண்மை. ஆஸ்பத்திரி முன்னால் இருந்தது, காலேஜ் அதைத் தாண்டி இருந்தது.

வேனில் பின்னால் இடம் இல்லை. முன் சீட்டில் அவள் மடியிலும் ஒரு பெட்டியை வைத்தார்கள். வயிற்றுக்கும் பெட்டிக்கும் இடையே கையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேட்டிலும் பள்ளத்திலும் வேன் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளே பொத்து பொத்தென்று பக்கம் மாறியது. ஆஸ்பத்திரி மதில் தெரிந்ததும் சொன்னாள்.

"இங்க நிறுத்துங்க."

"இறக்கிட்டு வந்துடலாம். பத்து நிமிஷம்."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

"அக்கா என்ன சொன்னாங்க? லோடு முதல்லன்னாங்களா இல்லையா? எனக்கு நடுவுல ஏன் இந்த வம்பு?"

முன்னால் ஒரு பஸ் குறுக்கே திரும்பியது. வேன் நின்ற நேரம் அவள் கதவைத் திறந்து, பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன், "ஏய், ஏய்" என்று கூப்பிட்டான். கூப்பிட்டானே தவிர இறங்கவில்லை. பஸ் நகர்ந்ததும் வேனும் நகர்ந்து போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவி, கருவியை வைத்து நகர்த்தினாள். கருவி கரகர என்றது. நர்ஸ் இன்னொரு இடத்தில் வைத்தாள். இன்னொரு இடம். அவள் கை வேகம் குறைந்துகொண்டே வந்ததைப் புதுசு பார்த்தாள். நர்ஸ் போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"எப்ப இருந்து அசையல?"

"நேத்து காலையில இருந்து."

"நேத்தே ஏன் வரல? நேத்து வந்திருந்தா வயித்தை வெட்டியாவது உயிரோட எடுத்திருப்போமே."

புதுசு எதைச் சொல்வாள்? பசை ஊற்றின பொம்மையைப் பார்த்து நம்பினேன் என்றா?

வலி வர மருந்து கொடுத்தார்கள். பெற்றுத்தான் ஆக வேண்டும் என்றாள் டாக்டரம்மா. உயிர் இருக்கிற பிள்ளைக்கு என்ன வலியோ அதே வலி, ஒரு பிடி குறையாமல். கடைசியில் அழுகைச் சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்து அறையில் வந்தது.

நர்ஸ் பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி, "பார்க்கறியாம்மா?" என்றாள். புதுசு கையை நீட்டினாள்.

பட்டறையில் எந்தப் பீஸிலும் இல்லாததெல்லாம் அந்தப் பிள்ளையிடம் இருந்தது. உள்ளங்கையில் கோடு இருந்தது. கண்ணில் இமைமுடி இருந்தது, எண்ணிவிடுகிற மாதிரி மெல்லிசாக. காது மடலின் ஓரத்தில் பூனைமுடி இன்னும் உதிராமல் இருந்தது. நகம் விரலைத் தாண்டி வளர்ந்து, தன் கன்னத்தைத் தானே கீறிவைத்திருந்தது. கீறுகிற அளவுக்குக் கையை ஆட்டியிருக்கிறது, உள்ளே, அத்தனை இடத்தில். உடம்பில் அவளுடைய சூடு இன்னும் போகவில்லை.

மிச்ச லோடையும் இறக்கி முடித்துவிட்டுச் சாயங்காலம்தான் அண்ணியும் புருஷனும் வந்தார்கள். லோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அண்ணியின் நடையிலேயே தெரிந்தது. கதவுக்கு வெளியில் டாக்டரம்மா அவர்களை நிறுத்திக் கேட்டது புதுசின் கட்டில் வரைக்கும் கேட்டது.

"வீட்ல யாருக்குமே தெரியாதா? ஒரு நாள் பூரா அசையலன்னு அந்தப் பொண்ணு யார்கிட்டயும் சொல்லலையா?"

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல டாக்டர்" என்றாள் அண்ணி. குரல் கரகரவென்று அழுகை மாதிரியே வந்தது. "சொல்லியிருந்தா விடுவோமா? எங்க வீட்டு முதல் வாரிசு. அழுத்தக்காரி, வாயே திறக்க மாட்டா."

"நீங்க?" என்று டாக்டரம்மா புருஷனைக் கேட்டாள்.

புதுசு மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கிடந்தாள். இதுவரை அவன் அக்காவுக்குப் பயந்து செய்த எல்லாவற்றையும் அவள் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தாள். பயந்தவன், அவ்வளவுதான். இந்த ஒரு பதிலுக்கு யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, பிள்ளை போய்விட்டது, லோடும் போய்விட்டது.

"சொல்லல" என்றான் அவன்.

புதுசு நர்ஸைக் கூப்பிட்டாள். "அடக்கம் யார் செய்வாங்க?"

"வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போகலாம். இல்ல, நீ சரின்னா ஆஸ்பத்திரியே பார்த்துக்கும்."

"ஆஸ்பத்திரியே செய்யட்டும்" என்றாள் புதுசு. "அவங்களுக்குக் காட்டாதீங்க. ஆணா பொண்ணான்னு நீங்களும் டாக்டரம்மாவும் சொல்லாதீங்க."

"அவரு புள்ளைக்கு அப்பா இல்லையாம்மா?"

"அவருகிட்டத்தான் நான் ஒரு வார்த்தை சொல்லலையே. இதையும் சொல்லலன்னு இருக்கட்டும்."

நர்ஸ் வெளியே ஒரு தரம் பார்த்தாள், உள்ளே ஒரு தரம் பார்த்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தாள். கட்டிலில் கிடந்த பிள்ளையின் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாகப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் புருஷன் உள்ளே வந்தான். கட்டிலைப் பார்த்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் பார்த்தான். விஷயம் புரிந்ததும் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று.

"கொண்டு போயிட்டாங்களா? நான் பார்க்கவே இல்லையே."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

"யாரு மாதிரி இருந்துச்சு? என்னை மாதிரியா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இந்தத் தடவை உள்ளே எதுவும் பக்கம் மாறவில்லை.

"ஆணா பொண்ணான்னாவது சொல்லு. உன் கால்ல வேணா விழறேன்." கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். கதவோரம் அண்ணி வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஏதோ தவறிவிட்டது என்கிற கலக்கம் தெரிந்தது. "ஏய், என்ன புள்ளைன்னு சொல்லித் தொலையேன், அவன் அழறான் பாரு" என்றாள்.

"உங்க அக்காவைக் கேளுங்க" என்றாள் புதுசு புருஷனிடம், சுவரைப் பார்த்தபடியே. "அவங்களுக்குத் தெரியாததா?"

அவன் அன்றைக்கும் கேட்டான், வீட்டுக்கு வந்த பிறகும் கேட்டான், அப்புறம் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சொல்லவேயில்லை.